தட்டிப் பார்க்காத தரை

யெல்கா தன் தம்பி ப்ராஞ்செக்கோடு பேசி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஒரே கூரையின் கீழ், ஒரே காரில் இருவரும் வேலை செய்துகொண்டு, அத்தனை நாள் வாய் திறவாதிருப்பது எளிதன்று. ஆயினும் யெல்காவுக்கு அது எளிதாகவே இருந்தது. கோபம் அவ்வளவு நிறைந்திருந்தது. சுத்தி வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். தொலைபேசியில் யாரேனும் ப்ராஞ்செக்கைக் கேட்டால், கருவியை மேசைமேல் கிடத்திவிட்டு நகர்ந்தாள். கிடக்கிற தொலைபேசியை அவன் பார்த்தால் பேசலாம், பாராவிட்டால் போகட்டும்.

கோபத்துக்குக் காரணம் ஒரு விருந்து. அவர்கள் வாழும் ஓர்மோஜ் வட்டாரத்தில் ஒரு வேலை முடிந்ததும், வேலை கொடுத்தவர் வேலை செய்தவர்களை உட்காரவைத்து ஒயினும், பன்றித் தொடையிறைச்சியும், அக்ரூட் பருப்பு வைத்துச் சுருட்டிய ரொட்டியும் பரிமாறுவார். அதற்கு லிகோஃப் என்று பெயர். லிகோஃப் உண்டு எழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். அதன்பின் கொடுத்தவர் குறை சொல்லமாட்டார். செய்தவரும் அதைப்பற்றி வாய் திறவார். தம்பிக்கு டிங்கரிங், அக்காவுக்குக் குஷன் வேலை என்று அவர்கள் பட்டறை தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வேலையும் முடிந்து, கார் வாசலைத் தாண்டும் நாளில், இருவருக்கும் சேர்த்து ஒரே லிகோஃப் என்பதே அத்தனை ஆண்டும் வழக்கம். இந்த முறை மட்டும், லோய்ஸ் கிழவரின் ஓப்பல் காருக்குத் தரைத்தகடு மாற்றி முடித்த அன்றே, ப்ராஞ்செக் தனியாக அவருடைய ஒயின் நிலவறைக்குப் போய் உண்டுவிட்டு வந்திருந்தான்.

அதுவும் அவன் வாயால் அவளுக்குத் தெரியவில்லை. ரொட்டிக்கடையில் வரிசையில் நின்ற ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

"காய்ச்சல் விட்டுருச்சா யெல்கா? உனக்கு முடியலன்னு உன் தம்பி லிகோஃப்ல சொல்லிட்டிருந்தானாமே."

"காய்ச்சலா? இப்பத்தான் வருது," என்றாள் யெல்கா.

அன்று மூடிய வாயை அவள் பட்டறைக்குள் திறக்கவில்லை. திட்டக்கூட இல்லை. திட்டினால் அவன் சமாதானம் சொல்வான். சமாதானத்தைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

அந்த ஓப்பல், அறுபத்தேழாம் ஆண்டில் வந்த ரெக்கார்டு என்னும் மாடல். லோய்ஸ் தம் இளமையில் ஜெர்மனித் தொழிற்சாலையொன்றில் இரண்டாண்டு உழைத்து வாங்கி, எல்லை தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தது. வருகிற சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் நுஷாவுக்கு ஸ்வெதின்யே மேட்டுத் தேவாலயத்தில் திருமணம். மணப்பெண்ணை அந்தக் காரில் தாமே ஓட்டிச் செல்வது என்று அவர் தீர்மானித்திருந்தார். எலி தின்ற பழைய கம்பளத்தைக் கழித்துவிட்டுக் கருஞ்சிவப்பில் புதிய கம்பளி விரிப்புப் போடும்படி யெல்காவிடம் ஒப்படைத்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் தொடங்கினாள். கம்பளத்தை ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவிலுள்ள கியர் மேட்டில் சுருக்கம் விழுந்தே தீரும். யெல்கா நடுமேட்டில் தொடங்கி, நீராவி காட்டி, உள்ளங்கையால் அழுத்தி, இருபுறமும் சரிந்து இறங்குவாள். புதன் மாலைக்குள் மேடும், பின்பகுதியும், ஓட்டுநர் பக்கமும் முடிந்திருந்தன. மடிப்பு ஒன்றுகூட இல்லை. பசை காய்ந்தபின் குனிந்து பார்த்தபோது, மூன்று வாரத்தில் முதன்முறையாக அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. அதையும் தம்பி பார்த்துவிடாதபடி விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழன் காலையில் அடுத்த வேலை, ஓட்டுநர் இருக்கையைப் பூட்ட வேண்டிய நான்கு போல்ட்டுகளுக்குத் துளை காண்பது. துளைபோடும் எந்திரத்தை அவள் கம்பளத்தின்மேல் வைப்பதே இல்லை. சுழலும் முனையில் ஓர் இழை சிக்கினால் போதும். ஒரு வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். குத்தூசியால் குத்தித் துளையைத் தேடிக் கண்டுபிடித்து, பின் காய்ச்சிய இரும்புக் கோலால் சுட்டு ஓட்டை போடுவாள். அப்போது இழைகள் கருகி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும்.

முன்னிரண்டு துளைகள் இருந்த இடத்தில் இருந்தன. பின்புறத்து வெளித்துளைக்காகக் குத்தியபோது ஊசிக்குத் தகடு தட்டுப்படவே இல்லை. பிடிவரை உள்ளே இறங்கிற்று. உருவிப் பார்த்தாள், முனையில் தார்.

ஒரு விரற்கடை தள்ளிக் குத்தினாள். அங்கும் இறங்கிற்று. இன்னும் தள்ளி. அங்கும்.

யெல்கா ஒரு போல்ட்டை எடுத்து, துளையில் வைத்து, ஸ்பேனரால் முறுக்கினாள். நட்டு பிடித்தது. ஆனால் இறுகவில்லை. போல்ட்டோடு நட்டும், நட்டோடு அதைச் சுற்றியிருந்த தரையும் சேர்ந்து, கஞ்சியில் விட்ட கரண்டிபோல் மெல்லச் சுழன்றன.

அவள் கம்பள வெட்டுக்கத்தியை எடுத்தாள். தானே ஒட்டிய கம்பளத்தின் மூலையை, அடியிலிருந்த ஃபெல்ட் என்னும் கம்பளி மெத்தையோடு சேர்த்து, ஒரு சாண் அளவுக்கு அறுத்துத் தூக்கினாள். கீழே பளபளவென்று தார். தாரைச் சுரண்டினால் பிசினில் நனைத்த கண்ணாடியிழைத் துணி. துணியைக் கிழித்தால், தகடு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தூளும் பொருக்கும். அவள் விரலை நுழைத்தாள். விரல் காருக்கு அடியிலிருந்த குளிர்காற்றைத் தொட்டது.

"ப்ராஞ்செக்!"

மூன்று வாரத்துக்குப் பிறகு தன் பெயர் கேட்டவுடன் அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே போட்டுவிட்டான். வந்தவன், அறுந்து மடங்கிக் கிடந்த கம்பளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அக்கா, அத ஏன் பிச்ச?"

"இது என்னடா?"

"அது... ஒரு சின்ன எடம். மத்ததெல்லாம் வெல்டிங்தான். சத்தியமா."

"சின்ன எடமா? சீட்டு நிக்கிற எடம்டா அது! நட்டை எதுல வச்சிருக்க? பிசின்ல! கேக்குக்கு மேல பழம் வைக்கிற மாதிரி வச்சிருக்க!"

"மழை வரப்போவுதுன்னு சொல்லிட்டாங்க. என் திராட்சை மொத்தமும் கொடியில நிக்குது. அந்த மூலை மட்டும் படுத்துக்கிட்டே தலைக்கு மேல வெல்டு வைக்கணும், ஒரு முழு நாள் போயிரும். அறுவடை முடிஞ்சு வந்து பண்ணலாம்னுதான்..."

"அறுவடை முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. எங்க பண்ணின?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ ஃபெல்ட்டை விரிச்சிட்டியே," என்றான்.

அந்த ஒரு சொல் அவளைச் சுட்டது. ஏனெனில் அது உண்மை. அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. ஃபெல்ட் விரிக்கும் முன், ஒருவர் காருக்குள் மண்டியிட்டு மரச்சுத்தியால் தரையை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். மற்றவர் காருக்கு அடியிலுள்ள குழிக்குள் நின்று விளக்குப் பிடித்துப் பார்ப்பார். நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும். கெட்ட இடம் அட்டைப்பெட்டிபோல் ஒலிக்கும். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு காரும் அந்தத் தட்டலுக்குத் தப்பியதில்லை. திங்கட்கிழமை யெல்கா சுத்தியைக் கையில் எடுத்தாள். குழிக்குள் இறங்க வேண்டியவன் ப்ராஞ்செக், அவனை அழைக்கவேண்டும், அழைத்தால் பேசியதாகிவிடும். சுத்தியை வைத்துவிட்டு ஃபெல்ட்டை விரித்துவிட்டாள்.

அப்போதுதான் மற்றொன்றும் அவளுக்குப் புரிந்தது. புரிந்தவுடன் குரல் தாழ்ந்தது. அவளுடைய உரத்த குரலைவிட அந்தத் தாழ்ந்த குரலுக்கே ப்ராஞ்செக் அதிகம் அஞ்சுபவன்.

"அதுக்குத்தான் லிகோஃப் தின்னியா?"

"இல்லக்கா..."

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு, அந்தப் பெரிய மனுஷன் கையால ஒயின் வாங்கிக் குடிச்சுட்டு வந்தது, வயித்துக்காக இல்ல. தரை முடிஞ்சதுன்னு அவர் வாயை அடைச்சுட்ட. நான் ஒண்ணு கண்டுபிடிச்சாலும், லிகோஃப் ஆன வேலை, பேசக்கூடாதுன்னு என் வாயையும் அடைச்சுடலாம்னு பார்த்த. மூணு வாரமா எனக்கு ஒரு துண்டு இறைச்சி குடுக்காம தின்னுட்டான்னு கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"நாலு கிலோமீட்டர்க்கா. மேட்டுக்குப் போயிட்டு எறங்கணும், அவ்வளவுதான். கல்யாணம் முடியட்டும். திங்கக்கிழமை நானே வண்டியைக் கொண்டாந்து யாருக்கும் தெரியாம பண்ணிடறேன். ரெண்டு நாளு!"

"சரி. சீட்டைப் பூட்டு."

"என்ன?"

"பூட்டுடா. நீ ஓட்டு. ஸ்வெதின்யே மேட்டுல ஏறி, எறக்கத்துல அறுபதுல வா. அடியில வந்து ஒரே மிதியா பிரேக்கை மிதி. பின்னாடி நான் உக்காந்துக்கறேன். வா."

ப்ராஞ்செக் காரைப் பார்த்தான். பின் தன் கைகளைப் பார்த்தான். கைகளைத் துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான்.

"வரமாட்ட. ஆனா அவர் போகலாம். பின்சீட்டுல வெள்ளைக் கவுனோட அந்தப் பொண்ணும் போகலாம்."

இவ்வாறு அவர்கள் நின்றுகொண்டிருந்த வேளையிலேயே, வாசலில் சைக்கிளைச் சாத்தும் ஓசை கேட்டது. லோய்ஸ். எழுபத்து நான்கு வயதிலும் நிமிர்ந்து நடப்பவர். தொப்பியைக் கழற்றாமல் எவர் வீட்டுக்குள்ளும் நுழையாதவர். கம்பளத்தைப் பார்க்க வந்திருந்தார்.

"அடடா, என்ன நிறம், என்ன நிறம்! நுஷா பார்த்தா மாப்பிள்ளைய விட்டுட்டு இதையே கட்டிக்கறேன்னு சொல்லுவா. காய்ச்சல் தேவலையாம்மா யெல்கா?"

ப்ராஞ்செக் அவளைக் கண்ணால் கெஞ்சினான். பத்தொன்பது ஆண்டுப் பட்டறை. வாசலில் எழுதியிருப்பது இருவர் பெயரும். லிகோஃப் உண்ட வேலையைப்பற்றி வேலை செய்தவர்களே வாய் திறந்தார்கள் என்பது மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். இதெல்லாம் யெல்காவுக்குத் தெரியாததன்று. ஆனால் அவள் விரல்நுனியில் தார் இருந்தது.

"எனக்குக் காய்ச்சலே வரல மாமா. இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க. கையை விடுங்க உள்ள."

அவர் கையிலிருந்த தொப்பியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். கையை விட்டார். நெடுநேரம் கையை எடுக்கவே இல்லை. எடுத்தபோது, உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருப்பொருக்கை, காசு பார்ப்பவர்போல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ப்ராஞ்செக், நீ என் மேசையில உக்காந்து மூணு கிளாஸ் குடிச்ச. மூணாவது கிளாஸ் நுஷா பேரைச் சொல்லிக் குடிச்ச."

"மாமா, நான்..."

"பேசாதே. உன்கிட்ட நான் கேக்கல." அவர் யெல்காவின் பக்கம் திரும்பினார். அவள் தனக்கு நன்றி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் இக்கேள்வியையும் எதிர்பார்க்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் தட்டிப் பார்ப்பீங்களே. அந்தச் சத்தம் என் சந்து வரைக்கும் கேக்கும். இந்தத் தடவை நீ தட்டிப் பார்க்கலையா?"

"இல்ல மாமா."

"ஏன்?"

"லிகோஃப்லேர்ந்து இவனோட பேசல."

லோய்ஸ் சிரித்தார். அது சிரிப்பாக இல்லை. "இவன் மறுநாளே அறுவடைக்கு ஓடினதப் பார்த்தேன். திராட்சைக்காக என் பொண்ண விட்டான். நீ ஒரு துண்டு தொடைக்கறிக்காக விட்டிருக்க. நல்ல குடும்பம்!" அவர் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார். "சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன். தரையில தகடு இருக்கணும். கம்பளம் இல்லாட்டிப் போகுது, வைக்கோலு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். தகடு இல்லன்னா, வாசல்ல எழுதியிருக்கிற பேரை நானே வந்து சுரண்டுவேன்."

சைக்கிள் போனபின்பும் யெல்கா அசையவில்லை. தம்பியின் மேலிருந்த கோபத்தில் தனக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை மூன்று வாரம் வெல்லம்போல் வாயில் அடக்கிச் சுவைத்திருந்தாள். கிழவர் ஒரே சொல்லில் அதைத் துப்ப வைத்துவிட்டார்.

"மூலையை மட்டும் வெட்டிக்கலாமா அக்கா? மீதிக் கார்ப்பெட்டு பிழைச்சுக்கும்," என்றான் ப்ராஞ்செக் மெதுவாக.

"வெல்டிங் பொறி விழுந்தா பசையும் கம்பளியும் சேர்ந்து எரியும். அதுகூடத் தெரியாதா? தள்ளு!"

அவள் இரண்டு கையாலும் கம்பளத்தின் விளிம்பைப் பற்றி இழுத்தாள். நன்றாக ஒட்டியிருந்தது, அவள் ஒட்டியதல்லவா. கம்பளத்தின் அடித்துணி பிரிந்து ஓவென்று அலறுவதுபோல் கிழிந்தது. மடிப்பில்லாத மேடு, நீராவி காட்டி வளைத்த வளைவு, மணிக்கட்டு வலிக்க வலிக்க அழுத்திய மூலை எல்லாம் நூலும் பிசினுமாகக் கையோடு வந்தன. மூன்று நாள் வேலை ஒரு கால் மணியில் காருக்கு வெளியே குவிந்தது. ஒவ்வொரு துண்டையும் அவள் ப்ராஞ்செக்கின் காலடியிலேயே எறிந்தாள். அவன் நகரவில்லை. கடைசித் துண்டு அவன் முழங்காலில் பட்டு விழுந்தபோதும் நகரவில்லை.

கம்பளம் போன தரையை யெல்கா மரச்சுத்தியால் தட்டினாள். "எறங்குடா குழிக்குள்ள!" அவன் விளக்கோடு இறங்கினான். மணி, மணி, மணி, அட்டை. சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். மணி, அட்டை, அட்டை. மறுபக்கத்து இருக்கைக்கு அடியிலும் ஒரு கையகலம் அட்டையாக ஒலித்தது.

"இதுவும் சின்ன எடமா?" என்று தரைக்கு மேலிருந்து கத்தினாள்.

"அது எனக்கே தெரியாதுக்கா," என்றது கீழிருந்து வந்த குரல்.

"தெரிஞ்சு பண்ணினது ஒண்ணு, தெரியாம பண்ணினது ஒண்ணு. ஜோடியா இருக்கு."

வெள்ளிக்கிழமை முழுவதும் வெட்டினான், வளைத்தான், மல்லாந்து படுத்து வெல்டு வைத்தான். பொறிகள் கழுத்துப்பட்டைக்குள் விழுந்தபோது அவன் துள்ளினான். யெல்கா நீர்வாளியோடு அருகிலேயே நின்றாள். நெருப்புக்காக நின்றாளேயன்றி அவனுக்காக அன்று என்பதை அவன் அறியும்படியே நின்றாள். ஒரு வெல்டு புள்ளிபுள்ளியாக விழுந்தபோது, "மறுபடி!" என்றாள். மூன்று முறை "மறுபடி!" என்றாள். நான்காம் முறை அவள் சொல்லாமலேயே அவன் அறுத்துவிட்டு மீண்டும் வைத்தான்.

சனிக்கிழமை காலையில் இருக்கைகளைப் பூட்டியாயிற்று; தரை மட்டும் சாம்பல்நிறப் பிரைமரோடு வெறுமையாகக் கிடந்தது. லோய்ஸ் கறுப்புக் கோட்டும், மார்பில் ரோஸ்மேரிக் கொத்துமாகப் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

"மாமா, வேலைத்துணியில..." என்றாள் யெல்கா.

"ஏறுன்னேன். அவன் என் பக்கத்துல. நீ எனக்குப் பின்னால."

அவர் நேராக மேட்டின்மேல் ஏறினார். தேவாலய வாசலில் வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டார். இருபுறமும் அறுவடை முடிந்த திராட்சைக் கொடிகள் வேகமாகப் பின்னோடின. நாற்பது, ஐம்பது, அறுபது. ப்ராஞ்செக் கதவுப் பிடியை இறுகப் பற்றினான். யெல்கா ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே கண்ணை நட்டிருந்தாள். அடிவாரத்தில், எச்சரிக்கை ஏதுமின்றி, லோய்ஸ் பிரேக்கை மிதித்தார். ப்ராஞ்செக்கின் நெற்றி கண்ணாடியருகே போய் மீண்டது. யெல்காவின் தோள் முன்னிருக்கையின் முதுகில் மோதிற்று. இருக்கை ஒரு நூலளவும் அசையவில்லை. நான்கு போல்ட்டுகளும் நின்ற இடத்தில் நின்றன.

லோய்ஸ் இயந்திரத்தை அணைக்கவில்லை.

"எறங்குங்க."

இறங்கினார்கள். அவர் கைநீட்டிக் கதவுகளைத் தாமே சாத்திக்கொண்டு, நுஷாவை அழைத்துவரப் போய்விட்டார்.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ப்ராஞ்செக் சாலையின் இடப்பக்கத்திலும் யெல்கா வலப்பக்கத்திலும் நடந்தார்கள். பாதி வழியில் எதிர்த்திசையிலிருந்து ஆரவாரம் கேட்டது. கல்யாண ஊர்வலம், முன்னால் ஓப்பல். பின்சீட்டு வெள்ளையாக நிறைந்திருந்தது. நுஷா கண்ணாடிக்குள்ளிருந்து அவர்களை அடையாளம் கண்டு கையசைத்தாள்; ஏன் நடந்து போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. லோய்ஸ் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பதினெட்டு வண்டிகளும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருவரையும் கடந்து மேட்டை நோக்கிப் போயின. கடைசி வண்டி வளைவில் மறையும்வரை யெல்கா நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் நின்னுச்சு அக்கா," என்றான் ப்ராஞ்செக் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து.

"நின்னுச்சுன்னு சொல்லாத! ஒரு வார்த்தை சொல்லாத! ரொட்டிக்கடை வரைக்கும் வாயைத் திறந்த, இந்தத் தார்விரலாலயே உன் காதைத் திருகி..." என்று தொடங்கினாள் யெல்கா. தொடங்கியவள் ஊர் எல்லை வரும்வரை நிறுத்தவில்லை. அவன் ஒவ்வொரு வசவுக்கும் தலையாட்டிக்கொண்டு நடந்தான்.